கரையேறிய படைகள் – 11: ஒரு காகிதமும் கட்டுண்ட கைகளும்

1942 ஆகஸ்ட் 19, புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணி வாக்கில் பிரான்சின் டியேப் கடற்கரையில் துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. விடியுமுன் தொடங்கிய சண்டை ஒரு பகல்கூட முழுதாக நீடிக்கவில்லை. அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்து வந்த கனடா வீரர்கள் 4,963 பேர். இங்கிலாந்துக்குத் திரும்பியவர்கள் 2,210 பேர். தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 1,946 பேர் ஜெர்மானியர் கையில் சிக்கினார்கள்.

அந்தத் தாக்குதல் ஏன் தோற்றது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். நடுக்கடலில் ஒரு ஜெர்மன் கப்பல் அணியோடு நேர்ந்த மோதல், குன்றுகளின் மேல் மறைந்திருந்த பீரங்கிகள், டாங்கிகளின் சங்கிலிப் பட்டையில் சிக்கி அவற்றை முடக்கிய கூழாங்கற்கள், ஒரு செய்தியைத் தவறாகப் புரிந்துகொண்டு கரைக்கு அனுப்பப்பட்ட பின்னணிப் படை என்று காரணங்கள் பல. டியேப் பற்றிய நூல்களில் பெரும்பாலானவை அந்தச் சில மணி நேரத்தையே திரும்பத் திரும்ப அலசுகின்றன. தாக்குதல் படையின் தளபதி ராபர்ட்ஸ் மீதா, கூட்டு நடவடிக்கைத் தலைமையகத்துக்குத் தலைவராக இருந்த மவுண்ட்பேட்டன் மீதா, யார் மீது பழி என்ற வழக்கு இன்னும் முடியவில்லை. (பின்னாளில் இந்தியாவின் கடைசி வைஸ்ராயாக வந்தாரே, அதே மவுண்ட்பேட்டன்தான்.) பிடிபட்ட 1,946 பேருக்கோ அந்தப் பிற்பகலில் தொடங்கிய போர் இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. இந்த வாரம் அவர்கள் கதை.

இந்த எண்ணிக்கையை முதலில் சரியான இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இத்தாலியில் கனடாப் படை இருபது மாதங்கள் போரிட்டது. நார்மண்டியில் தொடங்கி ஜெர்மனி வரை பதினோரு மாதங்கள் போரிட்டது. இவற்றில் எந்தப் போர்முனையிலும் அது இழந்த கைதிகளின் எண்ணிக்கை, டியேப்பில் ஒரே காலையில் இழந்ததை எட்டவில்லை.

கைதிகள் என்றதும் 'சரணடைந்தவர்கள்' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அவர்கள் எப்படிப் பிடிபட்டார்கள் என்று பார்த்தால் அந்தச் சொல் கூசும். நகருக்குக் கிழக்கே புயி என்ற சிறு கடற்கரை. அங்கே இறங்கிய ராயல் ரெஜிமென்ட் வீரர்கள் ஐந்நூற்று ஐம்பதுக்கு மேல். கடல் சுவருக்கும் முள்கம்பிக்கும் இடையே மாட்டிக்கொண்ட அவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இங்கிலாந்து திரும்பியவர்கள் எழுபது பேர்கூட இல்லை. எஞ்சிய அத்தனை பேரும் கைதிகள். அவர்களை ஏற்றிப்போக வேண்டிய படகுகள் கரையை நெருங்கவே முடியவில்லை.

நகரின் முன்னால் இருந்த பெரிய கடற்கரையில் கல்கரி ரெஜிமென்டின் சர்ச்சில் டாங்கிகள் 27 கரையேறின. அவற்றில் சுமார் பாதிதான் கடல் சுவரைத் தாண்டின. நகருக்குள் நுழையும் தெருக்களைக் கான்கிரீட் தடுப்புகள் அடைத்திருந்ததால் தாண்டியவையும் கடற்கரைக்கே திரும்பின. பதினோரு மணிக்குப் பின்வாங்கும் கட்டளை வந்தது. காலாட்படை படகுகளை நோக்கி ஓட, நகர முடியாமல் நின்ற டாங்கிகளுக்குள் இருந்தவர்கள் குண்டு இருக்கும்வரை சுட்டு அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்தார்கள். அதனால் அவர்கள் படகேறவில்லை. கரையேறிய டாங்கி வீரர்கள் ஏறக்குறைய அனைவரும் பிடிபட்டார்கள்.

மேற்கே பூர்வில் கிராமத்தில் செசில் மெரிட் என்ற லெப்டினன்ட் கர்னல், சீ ஆற்றுப் பாலத்தின் நடுவே தலைக்கவசத்தைக் கையில் பிடித்து ஆட்டியபடி நடந்து, தயங்கி நின்ற தம் ஆட்களை அழைத்துப் போனார். அந்தப் பாலத்தின் மேல் ஏற்கனவே பலர் விழுந்து கிடந்தார்கள். பின்வாங்கும் நேரத்தில், இரண்டு இடங்களில் காயம்பட்டிருந்தும், பின்காப்புப் படையைத் தாமே நடத்தினார். மற்றவர்கள் படகேறிப் போகும்வரை எதிரியைத் தடுத்து நிறுத்திய அந்தச் சிறு கூட்டம் கடைசியில் பிடிபட்டது. மெரிட்டுக்கு வீரத்துக்கான மிக உயரிய விருதான விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டபோது அவர் ஜெர்மன் முகாமில் கைதி.

ஜான் ஃபுட் போர்வீரரே அல்லர். ராயல் ஹாமில்டன் படைப்பிரிவின் பாதிரியார். எட்டு மணி நேரம் குண்டு மழைக்கிடையே காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்து முதலுதவி நிலையத்துக்கும், பிறகு படகுகளுக்கும் சேர்த்தார். கடைசிப் படகு ஒன்றில் அவரும் ஏறியாகிவிட்டது. கரையில் விடப்பட்டவர்களைப் பார்த்தார். படகிலிருந்து இறங்கி, ஜெர்மானியர் இருந்த பக்கம் நடந்து போனார். சிறையில் இவர்களோடு ஒருவர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

டியேப் கைதிகளில் கணிசமானோர் மற்றவர்கள் தப்ப வேண்டும் என்று தங்கியவர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அடுத்த பதினைந்து மாதங்களில் இரண்டு தரப்பு அரசுகளும் இவர்களை வைத்து நடத்திய பேரத்தைப் படிக்கும்போது, இவர்கள் யார் என்பது நமக்கு மறந்துவிடக் கூடாது.

அன்று மாலையே கைதிகளை வரிசையாக நிறுத்தி உள்நாட்டுப் பக்கம் நடத்தினார்கள். நீந்தித் தப்பலாம் என்று பூட்ஸைக் கழற்றி எறிந்தவர்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். சிலரிடம் சட்டைகூட இல்லை. கைதிகளில் குறைந்தது 568 பேர் காயம்பட்டவர்கள். மோசமாக அடிபட்டவர்களை ரூவான் நகர மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்களுக்கு முதல் இரவு ஆன்வெர்மூ என்ற ஊரில். வழியில் பிரெஞ்சு மக்கள் காவலர்களின் வசவையும் பொருட்படுத்தாமல் தண்ணீரும் ரொட்டியும் நீட்டினார்கள். கைதிகளில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தவரும் இருந்தார்கள். மோன்ட்ரியலின் ஃபியூசிலியர் படைப்பிரிவைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கடல் கடந்து வந்த இந்தக் கைதிகள் தங்கள் மொழியையே பேசுவதைக் கேட்டு அந்த ஊர்க்காரர்கள் திகைத்துப் போயிருப்பார்கள்.

அந்த மொழி சிலருக்கு விடுதலையும் வாங்கித் தந்தது. ஃபியூசிலியர் படையின் சார்ஜென்ட் மேஜர் லூசியன் டியூமே, கைதிகளை ஏற்றிச் சென்ற ரயிலிலிருந்து ஓடும்போதே குதித்தார். ஊர் ஊராகப் பிரெஞ்சுக் குடும்பங்கள் ஒளித்துவைத்துக் கைமாற்றிவிட, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். போனவர் சும்மா இருக்கவில்லை. 1943இல் இரகசியமாகப் பிரான்சுக்கே திரும்பினார். சுட்டு வீழ்த்தப்பட்ட நேச நாட்டு விமானிகளைத் தப்பவைக்கும் 'ஷெல்பர்ன்' வழித்தடத்தை ரேமண்ட் லாப்ராஸ் என்ற சக கனடியரோடு சேர்ந்து நடத்தினார். பிரிட்டனி கடற்கரையில் பிளுவா என்ற இடத்திலிருந்து, 1944இல், நிலவில்லா இரவுகளில், நூற்றுக்கும் மேற்பட்டோரைப் படகேற்றி அனுப்பினார். தம்மை ஏற்றிப்போகப் படகு வராத கடற்கரையைப் பார்த்தவர் அவர்.

மற்றவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நாற்பது ஆள் அல்லது எட்டுக் குதிரை என்று கணக்கிட்ட சரக்குப் பெட்டிகளில் அடைத்து, ஜெர்மனியின் கிழக்கு மூலைக்குக் கொண்டுபோனார்கள். சிலேசியா பகுதியில் லாம்ஸ்டார்ஃப் என்ற ஊரில் இருந்த ஸ்டாலாக் எட்டு-பி முகாம் அது. இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. அதிகாரிகளைத் தனியே பிரித்து பவேரியாவில் ஐஷ்டெட் முகாமுக்கு அனுப்பினார்கள்.

இப்போது தலைப்பில் உள்ள காகிதத்துக்கு வருவோம்.

படைப்பிரிவுத் தலைவர்களில் ஒருவரான பிரிகேடியர் வில்லியம் சௌதம் கரையிறங்கும்போது போர்த்திட்டத்தின் முழுப் பிரதியையும் கையோடு கொண்டு இறங்கினார். அவரும் பிடிபட்டார், பிரதியும் பிடிபட்டது. எந்தப் படை எந்த நிமிடத்தில் எங்கே என்பது வரை எழுதிய மிக நீண்ட ஆவணம் அது. அதில் ஓரிடத்தில் ஒரு குறிப்பு: பிடிபடும் ஜெர்மானியர் தங்களிடமுள்ள ஆவணங்களை அழித்துவிடாதபடி, முடிந்த இடத்தில் அவர்கள் கைகளைக் கட்ட வேண்டும். எழுதியவருக்கு அது நடைமுறை விஷயமாகப் பட்டிருக்கும். அந்த ஒரு வரி பெர்லினுக்குப் போனது.

செப்டம்பர் தொடக்கத்தில் ஜெர்மனி அறிவித்தது: எங்கள் வீரர்களின் கைகளைக் கட்டச் சொன்னவர்களின் கைகளை நாங்கள் கட்டுவோம். பிரிட்டிஷ் போர் அமைச்சகம், அப்படி ஒரு கட்டளை இருந்தால் அது ரத்து செய்யப்படும் என்று சொன்னது. ஜெர்மனியும் பின்வாங்கியது. விவகாரம் அதோடு முடிந்திருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து, அக்டோபர் 3 இரவில், கால்வாயில் உள்ள குட்டித் தீவான சார்க்கில் பிரிட்டிஷ் கமாண்டோக்கள் சிலர் இறங்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஜெர்மானியர்களைப் பிடித்துக் கைகளைக் கட்டிக் கடற்கரைக்கு இழுத்துப் போகும் வழியில் கைகலப்பு. கட்டப்பட்டவர்களில் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள். இம்முறை பெர்லின் எச்சரிக்கையோடு நிற்கவில்லை. அக்டோபர் 8 நண்பகல் முதல் டியேப் கைதிகளுக்கு விலங்கு என்று அறிவித்தது. முதல் நாளில் கட்டப்பட்டவர்கள் 1,376 பேர். பெரும்பாலும் டியேப்பில் பிடிபட்ட கனடியர்கள்.

சார்க் தீவு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதவர்கள் அவர்கள். அந்தத் திட்டப் பிரதியைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்களில் விரல்விட்டு எண்ணும் சிலர்தான்.

அதன்பின் லண்டன் செய்ததை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அதே எண்ணிக்கையில் ஜெர்மன் கைதிகளுக்கும் அக்டோபர் 10 முதல் விலங்கு என்று சர்ச்சில் அரசு அறிவித்தது. உடனே ஜெர்மனி, அப்படியானால் மூன்று மடங்கு என்றது. போர்க்கைதிகள் மீது பழிவாங்கும் நடவடிக்கை கூடாது என்று 1929ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை இரண்டாம் பிரிவிலேயே தெளிவாகச் சொல்கிறது. இரண்டு நாடுகளும் அதில் கையெழுத்திட்டவை. இரண்டுமே, மற்றவன் மீறினான் என்று சொல்லி, தாமும் மீறின. எதிரி மீறினாலும் கைதியைத் தொடாதே என்பதற்காகவே அந்தப் பிரிவு எழுதப்பட்டது. எதிரி ஒழுங்காக நடக்கும் நாட்களில் அதற்குத் தேவையே இல்லை.

இதில் கனடாவின் நிலை மிகவும் தர்மசங்கடமானது. விலங்கு மாட்டப்பட்டவர்கள் அதன் பிள்ளைகள். பிரிட்டன் பிடித்த ஜெர்மானியர்களில் பலர் அடைக்கப்பட்டிருந்ததும் கனடா மண்ணில். முடிவை எடுத்தது லண்டன், நிறைவேற்ற வேண்டியது ஒட்டாவா. பிரதமர் மெக்கென்சி கிங்குக்கு இதில் சிறிதும் விருப்பமில்லை. பழிக்குப் பழி என்று இறங்கினால் ஜெர்மானியரை வெல்ல முடியாது, அவதிப்படப்போவது நம் பையன்கள்தான் என்பது அங்கே பலருக்கும் புரிந்தே இருந்தது. ஆனாலும் நடுப்போரில் பிரிட்டனோடு பகிரங்கமாக முரண்பட அவர் தயங்கி, ஒப்புக்கொண்டார். அந்தத் தயக்கத்துக்காக அவரை மதிக்கிறேன். ஒப்புதலைத் தவறென்றே நினைக்கிறேன்.

ஒன்டாரியோவில் பௌமன்வில் முகாம். முன்பு சிறுவர் சீர்திருத்தப் பள்ளியாக இருந்த கட்டடங்களில் ஜெர்மன் அதிகாரிகளை வைத்திருந்தார்கள். நீர்மூழ்கிக் கப்பல் தளபதிகளில் பெயர்பெற்ற ஓட்டோ கிரெட்ஷ்மரும் அங்கே இருந்தார். விலங்குக்குக் கை நீட்ட மாட்டோம் என்று அவர்கள் கட்டடங்களுக்குள் புகுந்து கதவுகளை அடைத்துக்கொண்டார்கள். காவலர்கள் போதாமல் வெளியிலிருந்து சிப்பாய்களை வரவழைத்தார்கள். தடியும் கல்லும் ஒரு பக்கம், பேஸ்பால் மட்டையும் தீயணைப்புக் குழாயின் தண்ணீர்ப் பீய்ச்சலும் மறுபக்கம். நாள் கணக்கில் நீண்ட சண்டைக்குப் பிறகுதான் விலங்கு மாட்ட முடிந்தது. இரண்டு பக்கமும் பலர் மண்டை உடைந்து கிடந்தார்கள்.

லாம்ஸ்டார்ஃபில் அப்படியொரு எதிர்ப்புக்கு இடமில்லை. நாலா பக்கமும் இயந்திரத் துப்பாக்கி. முதலில் கயிறுதான். செஞ்சிலுவைச் சங்கத்தின் பார்சல்களைக் கட்டிவந்த கயிற்றாலேயே மணிக்கட்டுகளைக் கட்டினார்கள். வீட்டிலிருந்து வந்த உதவியின் கயிறு அது. காலையில் கட்டினால் இரவுதான் அவிழ்ப்பு. சாப்பிடுவது, போர்வையை இழுத்துப் போர்த்துவது, அரிக்கும் இடத்தைச் சொறிவது எல்லாமே பிரயத்தனம். வயிற்றுப்போக்கு பரவியிருந்த முகாம் அது. கழிப்பிடத்துக்குப் போனால் கட்டப்படாத மருத்துவ உதவியாளர் யாராவது வந்து கால்சட்டையை அவிழ்த்துவிட வேண்டும். இருபது வயது இளைஞனுக்கு, முந்தைய நாள்வரை சக வீரனாக இருந்தவன் முன்னால் அப்படி நிற்பது எப்படி இருந்திருக்கும்? மணிக்கட்டில் கயிறு அறுத்த இடங்கள் புண்ணாகிச் சீழ் வைத்தன.

சில வாரங்களில் கயிறு போய் இரும்பு விலங்கு வந்தது. இரண்டு வளையங்களுக்கு நடுவே முழ நீளச் சங்கிலி. கயிற்றைவிட அது மேல். கையைக் கொஞ்சம் அசைக்கலாம். இன்னொரு வசதியையும் வீரர்கள் விரைவில் கண்டுபிடித்தார்கள். மத்தி மீன் டப்பாவைத் திறக்க அதோடு ஒட்டி வருமே ஒரு சிறு சாவி, அது அந்தப் பூட்டையும் திறந்தது. காவலர் தலை மறைந்ததும் விலங்கைக் கழற்றி வைப்பது, காலடிச் சத்தம் கேட்டதும் மாட்டிக்கொள்வது என்று நாட்கள் ஓடின. பிடிபட்டவர்களுக்கு மூக்கும் கால்விரலும் சுவரைத் தொடும்படி மணிக்கணக்கில் நிற்கும் தண்டனை. போகப்போகக் காவலர்களுக்கே இதில் சலிப்புத் தட்டியது. தினமும் காலையில் பெட்டி நிறைய விலங்குகளைக் கொண்டுவந்து கொடுத்து, இரவில் எண்ணி வாங்கிப் போவது ஒரு சடங்காக மாறியது. சடங்கானாலும் விலங்கு விலங்குதான். சீருடையில் இருக்கும் எவன் நினைத்தாலும், எந்த நிமிடத்திலும், அதை இறுக்கமாக்க முடியும்.

கைதிகளின் நலனைக் கவனிக்கும் 'பாதுகாக்கும் நாடு' என்ற பொறுப்பில் இருந்த சுவிட்சர்லாந்து இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே இருந்தது. அதன் வேண்டுகோளை ஏற்று 1942 டிசம்பர் 12 அன்று பிரிட்டனும் கனடாவும் ஜெர்மன் கைதிகளின் விலங்கைக் கழற்றின. ஜெர்மனி கழற்றவில்லை. அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கும்வரை இழுத்தது. 1943 நவம்பர் 22 அன்றுதான் டியேப் கைதிகளின் கைகள் விடுபட்டன. பதின்மூன்று மாதங்களுக்கு மேல்.

அந்தக் காகிதமும் சார்க் தீவும் வேறொரு கொடிய ஆணைக்கும் சாக்காயின. 1942 அக்டோபர் 18 அன்று ஹிட்லர், பிடிபடும் கமாண்டோக்களைச் சரணடைந்தாலும் கொன்றுவிட வேண்டும் என்று இரகசிய உத்தரவு போட்டார். நார்வேயில் ஒரு மின் நிலையத்தைத் தகர்த்த பின் பிடிபட்ட ஏழு பேரை, உத்தரவு வந்த ஐந்தே நாளில், சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் சுட்டுக் கொன்றார்கள். பின்னால் நியூரம்பெர்க் விசாரணையில் அந்த உத்தரவு ஜெர்மன் தளபதிகள் மீதான குற்றச்சாட்டுகளில் இடம்பெற்றது.

விலங்கு நாட்களிலும் தப்பும் முயற்சி நிற்கவில்லை. ஐஷ்டெட் அதிகாரிகள் சுரங்கம் தோண்டினார்கள். 1943 ஜூன் தொடக்கத்தில் ஒரே இரவில் 65 பேர் அதன் வழியே வெளியேறினார்கள். அவர்களில் மெரிட்டும் ஒருவர். அத்தனை பேரையும் தேடிப் பிடித்தார்கள். பிறகு அவர்களை அனுப்பிய இடம், தப்பவே முடியாது என்று ஜெர்மானியர் நம்பிய கோல்டிட்ஸ் கோட்டை.

1944 தொடக்கத்தில் லாம்ஸ்டார்ஃபில் இருந்த டியேப் வீரர்களில் பலரை வடக்கே ஷ்டார்கார்ட் முகாமுக்கு மாற்றினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் முதல் தேதி டியேப் நகரம் விடுதலை பெற்றது. உள்ளே நுழைந்தது வேறு யாருமல்ல, 1942இல் அங்கே கரையேறிய அதே இரண்டாம் கனடா டிவிஷன். ஜெர்மானியர் ஏற்கனவே வெளியேறியிருந்ததால் குண்டு வீச்சும் இல்லை, சண்டையும் இல்லை. தெருவெல்லாம் மக்கள் பூக்களோடு நின்றார்கள். நகருக்கு வெளியே, ஜெர்மானியர் தங்கள் வழக்கப்படி முதுகோடு முதுகாக இரட்டை வரிசையில் புதைத்திருந்த கனடியர்களின் கல்லறைகளை வீரர்கள் போய்ப் பார்த்தார்கள். இன்றும் அந்த வரிசை மாற்றப்படவில்லை. நகரம் விடுதலையான அந்த நாளில் 1942இன் கைதிகள் பால்டிக் பக்கத்து முள்வேலிக்குள் உருளைக்கிழங்குச் சூப்புக்கு வரிசையில் நின்றிருப்பார்கள்.

அவர்களுக்கான கடைசிச் சோதனை இனிமேல்தான். 1945 ஜனவரியில் சோவியத் படை கிழக்கிலிருந்து நெருங்கியபோது, ஜெர்மானியர் முகாம்களைக் காலிசெய்து கைதிகளை மேற்கு நோக்கி நடக்கவைத்தார்கள். அந்தக் குளிர்காலம் மிகக் கொடியது. பனியில் நாளுக்கு இருபது முப்பது கிலோமீட்டர் நடை, இரவில் மாட்டுக்கொட்டகை, வயல்களில் தோண்டி எடுத்த பச்சைக் கிழங்கு. வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். இரண்டரை ஆண்டு அரைப்பட்டினியில் கிடந்த உடம்புகள். வழியிலேயே விழுந்தவர்கள் உண்டு. டியேப் கைதிகளில் எழுபது பேருக்கு மேல் வீடு திரும்பாமல் சிறைவாசத்திலேயே இறந்திருக்கிறார்கள். மற்றவர்களை 1945 ஏப்ரலிலும் மே மாதத்திலும் முன்னேறிவந்த நேச நாட்டுப் படைகள் விடுவித்தன.

மெரிட் அதே ஆண்டு வான்கூவரிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். பாதிரியார் ஃபுட் கடற்கரையில் செய்தது என்ன என்பது, அதைப் பார்த்தவர்கள் சிறையிலிருந்து வந்து சொன்ன பிறகே முழுதாக வெளியே தெரிந்தது. 1946 பிப்ரவரியில் அவருக்கு விக்டோரியா சிலுவை. அந்தப் போரில் கனடாப் பாதிரியார் ஒருவருக்குக் கிடைத்த ஒரே விக்டோரியா சிலுவை அது. பிறகு அவர் ஒன்டாரியோ சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1950இல் மாகாண அரசு அவரை அமைச்சராக்கி, சிறைச்சாலைகளின் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது.

(தொடரும்)